பேனா மாதிரி இருக்குது, ஆனா பேனா இல்லை!

(திருவொற்றியூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துக் கிராமங்களில் இருந்தும், ராயபுரம், எண்ணூர் குப்பங்களில் இருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்றைக்குக் கடன், வட்டி, வசூல் பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா, சந்தா கட்ட வந்தவர், கூட்டம் முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். "பையன் பையில இருந்துச்சு. பேனான்னு நினைச்சேன். மாம்பழ வாசனை அடிக்குது. என்ன இது?" என்றார். அது இ-சிகரெட். பிள்ளைகள் 'வேப்' என்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போலீசுக்குத் தெரிஞ்சா பிள்ளையைப் பிடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்களா?" அந்தப் பயத்தில் பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அந்தப் பத்து நாளும் பையன் வேறொன்று வாங்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

சகோதரிகளே, அந்தக் கருவிக்குள் ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம் இருக்கும். பேட்டரி கம்பியைச் சூடாக்கும். திரவம் ஆவியாகும். அதைத்தான் இழுக்கிறார்கள். சாம்பல் இல்லை, பீடி நாற்றம் இல்லை. அதனால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்தத் திரவத்தில் பெரும்பாலும் நிக்கோடின் இருக்கிறது. பீடி, சிகரெட்டுக்கு மனுஷனை அடிமையாக்குகிற அதே சரக்கு. வளரும் பிள்ளையின் மூளைக்கு அது கெடுதல். வீட்டில் சின்னக் குழந்தை அந்தத் திரவத்தை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

நம் தமிழ்நாடு அரசு 2018இல் இதைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவை மாட்டினால் 1 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 3 வருடம் வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கை இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிக்கிறவருக்கென்று தனித் தண்டனை அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. அது குறி வைப்பது வியாபாரியைத்தான். அதற்காக வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை.

"பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடையில தொங்குது, இதை மட்டும் ஏன் தடை பண்ணணும்?" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிய படிப்பு படித்தவர்களும் இதையே கேட்டார்கள். இங்கிலாந்து நாட்டில் சிகரெட்டை விட முடியாத பெரியவர்களுக்கு, இது கெடுதல் குறைந்த வழி என்று அனுமதித்தார்கள். ஆனால் பிள்ளைகள் கையில் அதிகமாகப் போய்விட்டதால், ஒரு தடவை பிடித்துத் தூக்கிப் போடுகிற வகையை அங்கேயும் 2025 ஜூன் முதல் தடை செய்துவிட்டார்கள். பழைய பழக்கத்தையே ஒழிக்க முடியாமல் திண்டாடும்போது புதுசாக ஒன்று வேர் விடக் கூடாது என்பது நம் நாட்டு அரசு சொன்ன காரணம். எங்களுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஆனால் தடை போட்டால் போதுமா? குட்காவைப் பாருங்கள். 2013இல் தமிழ்நாட்டில் தடை. 2016இல் இங்கே மாதவரம் பக்கத்துக் கிடங்கில் வருமான வரித் துறை சோதனை போட்டு, அந்த விவகாரம் சிபிஐ வரைக்கும் போனது. இன்றைக்கும் ரகசியமாகக் கிடைக்கத்தான் செய்கிறது. இ-சிகரெட்டும் அப்படித்தான். 2022இல் குஜராத் முந்த்ரா துறைமுகத்தில் கண்டெய்னரில் வந்த சுமார் 2 லட்சம் இ-சிகரெட்டுகளைப் பிடித்தார்கள். நாமும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள். கண்டெய்னருக்குள் பார்ப்பது அதிகாரிகள் வேலை. பிள்ளையின் பைக்குள் பார்ப்பது நம்ம வேலை.

குழுக்கள் செய்ய வேண்டியது:

1. பையில், சட்டையில் புதுசாகப் பழ வாசனை, புதினா வாசனை வந்தாலோ, பேனா, பென்டிரைவ் மாதிரி தெரியாத பொருள் இருந்தாலோ கவனியுங்கள்.

2. எடுத்த எடுப்பில் அடிக்காதீர்கள். அடித்தால் மறைப்பான். யார் கொடுத்தது, எங்கே வாங்கினான் என்று கேளுங்கள்.

3. விட முடியாமல் தவித்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போகலாம்.

4. விற்கிற இடம் தெரிந்தால் தனியாகப் போகாதீர்கள். குழுவில் தீர்மானம் போட்டு, பத்துப் பேர் சேர்ந்து காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், பள்ளியில் இருந்து 100 கஜத்துக்குள்ளும் பீடி, சிகரெட் விற்பதும் குற்றம்தான். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த அக்காவின் பையனை நாங்கள் இரண்டு பேர் கூடப் போய் டாக்டரிடம் காட்டினோம். முழுசாக விட்டுவிட்டான் என்று இன்றைக்குச் சொல்ல மாட்டோம். ஆனால் எந்தக் கடையில் வாங்கினான் என்று அவனே அம்மாவிடம் சொன்னான். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.

குடிக்கு எதிராக நின்றவர்கள் நாம். இதற்கும் நிற்போம்.