அம்மாவின் கையெழுத்து செல்லாதா?



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஓர் அக்கா என்னிடம் ஒரு தாளை நீட்டினார். முத்திரைத்தாள். நான்காக மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார். தெலுங்கில் இருந்தது. அடியில் அக்காவின் பெருவிரல் ரேகை. மூன்று வருடம் முன்பு, பெரியவர்கள் கூடிப் பேசி எழுதியதாம். அப்போது அக்காவுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது.

படித்தேன். "இருவரும் பிரிந்துவிட்டோம். பையனுக்கு ஏழு வயது ஆனதும் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும்." அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பையனுக்கு இப்போது ஆறரை வயது.

அவர் சம்மதம் கேட்டுத்தான் இதை இங்கே சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. பத்தாவது படித்தவள். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள். இந்துத் திருமணச் சட்டம் 1955ஆம் ஆண்டு வந்தது. அதன்படி விவாகரத்து கொடுக்க வேண்டியது நீதிமன்றம். தாளில் எழுதி ரேகை வைத்தால் விவாகரத்து ஆகாது. சில சமூகங்களில் பழைய வழக்கப்படி தீர்த்துக்கொள்வது உண்டு. அதைச் சட்டம் தள்ளிவிடவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கும் வழி உண்டு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து மனுக் கொடுத்தால் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, பிள்ளை யாருக்கு? இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. பிள்ளை யாரிடம் வளர்வது? பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுவது யார்? ஐந்து வயது முடியும் வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். "அப்படியானால் ஐந்து முடிந்ததும் தகப்பனுக்கா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகும் பிள்ளையின் நலன்தான் முதல் கணக்கு. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். தகப்பன் வந்து பார்த்துப் போக நாள் குறிப்பார்கள். அது தகப்பனுக்காக மட்டும் அல்ல, பிள்ளைக்கும் வேண்டும். ஒருமுறை போட்ட உத்தரவையும் நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். பெரியவர்கள் எழுதிய தாள் நீதிபதியின் கையைக் கட்டாது.

கையெழுத்துக்கு ஒரு கதை இருக்கிறது. நடந்த கதை. கீதா ஹரிஹரன் கோயம்புத்தூரில் பிறந்தவர், ஆங்கிலத்தில் நாவல் எழுதுபவர். 1984இல் அவரும் கணவரும் தங்கள் சிறு பையன் பேரில் 20,000 ரூபாய்க்குக் கடன் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு எழுதினார்கள். பையனுக்குக் காப்பாளராக அம்மா கையெழுத்துப் போட்டார். கணவருக்கும் அதில் சம்மதம். வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பன் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் தாய்தான் காப்பாளர் என்று அதிகாரம் உள்ளவர்களிடம் சான்று வாங்கி வரவேண்டும் என்றது. வீட்டில் சண்டை இல்லை, பிரிவு இல்லை. அப்படியும் அம்மாவின் கையெழுத்து செல்லவில்லை! ஏன்? "தகப்பன், அவருக்குப் பின் தாய்" என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. 'பின்' என்றால் அவர் செத்த பிறகு என்று எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கீதா உச்ச நீதிமன்றம் போனார். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த இன்னொரு தாயின் மனுவும் சேர்ந்து வந்தது. 1999 பிப்ரவரி 17இல் தீர்ப்பு. 'பின்' என்றால் 'இறந்த பின்' இல்லை, 'அவர் இல்லாதபோது' என்றார்கள். தகப்பன் தூரத்தில் இருந்தாலும், பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலும், முடியாமல் கிடந்தாலும், இருவரும் பேசி ஒத்துக்கொண்டாலும் தாய் காப்பாளர் ஆகலாம். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல இத்தனை வருடம்! அந்த வரி இன்னும் சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. அதை அடித்தே எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குத் திருமணச் சட்டம் வேறு. ஆனால் பிள்ளைக்காக மனுப்போடும் 1890ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாருக்கும் உண்டு. பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் மனுப்போட வேண்டும். வேறு ஊருக்கு அலையத் தேவையில்லை.

"வக்கீலுக்குப் பணம்?" 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நம் ஹைதராபாத்தில் புரானி ஹவேலி சிட்டி சிவில் கோர்ட்டு வளாகத்தில் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்று, இருக்கிற தாள் எல்லாம் எடுத்துப் போங்கள். நகல் கொடுங்கள். அசலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

நானும் அந்த அக்காவும் திங்கட்கிழமை காலை போகிறோம். மனுவில் ரேகை வைக்கமாட்டேன், பேர் எழுதுவேன் என்கிறார். நேற்று முழுக்கப் பலகையில் எழுதிப் பழகினார். கூட வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு மையத்துக்கு வந்துவிடுங்கள்.