அப்பூதியார் மறைத்த துயரம்

செட்டிகுளத்தில் காமாட்சியம்மையுடன் எழுந்தருளியிருக்கும் ஏகாம்பரேசுவரப் பெருமானையும், குன்றின்மேல் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணிப் பெருமானையும் வணங்கி, பங்குனி உத்திரத் திருவிழாவின் இந்நன்னாளில் அப்பூதியடிகள் வரலாற்றைச் சிந்திக்கப் புகுகின்றோம்.

திங்களூரிலே அப்பர் சுவாமிகளுக்குத் திருவமுது ஆயத்தமாகிவிட்டது. மூத்த பிள்ளை வாழைக்குருத்து அரியச் சென்றான், அரவம் தீண்டிற்று. ஓடிவந்து குருத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வீழ்ந்தான். பெற்றோர் என் செய்தனர்? உடலைப் பாயில் சுருட்டி மறைத்துவிட்டு, ஏதும் நிகழாதவர்போல் அடியவரை எதிர்கொண்டனர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கூட்டத்தார் நம் நினைவில் வருகின்றனர். 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் தகர்ந்து தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி துறந்தது சரித்திரத்தில் நின்றது. வெள்ளத்திலிருந்து உடல்களைக் கரை சேர்த்தவர்கள் அன்றிரவு எவ்வாறு கண்ணுறங்கினர் என்று யார் எழுதினார்?

மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியை நீங்கள் அறிவீர்கள். 2019 அக்டோபர் 25ஆம் நாள் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் வீழ்ந்தது. தீயணைப்புத் துறையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் பாறையோடு போராடினர். தீபாவளியும் அங்கேயே கழிந்தது. 29ஆம் நாள் அதிகாலையில் உயிரற்ற உடலே கிடைத்தது.

இத்தகைய பணியிலிருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஐயா, திருநீறு பூசக் கை எடுத்தாலும் காப்பாற்ற முடியாமற்போன பிள்ளையின் முகமே வருகிறது. எனக்குப் பக்தி போதவில்லையா?"

எல்லாம் அவரவர் வினை என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. நம்மைப்போல் மேடையேறுவோர் பலர் அவ்வாறே செய்கின்றனர். வினைக் கொள்கை ஒருவன் தன்னைத்தானே ஆராய்ந்துகொள்ள வந்தது. பிறர் புண்ணில் தடவும் உப்பன்று.

அப்பர் பெருமான் என் செய்தார் என்று பாருங்கள். திருநீறு அளிக்கையில், மூத்த மகன் எங்கே என்று வினவினார். அப்பூதியார் மழுப்பி விடையிறுத்தார். பெருமான் திருவுள்ளம் தடுமாறியது. உண்மையைச் சொல்க என்று மீண்டும் கேட்டார். அதன்பின் அமுதில் கை வைத்தாரில்லை. கடமையின்பொருட்டு அடக்கிய துயரைக் கடமை முடியுமுன்னரே சொல்லச் செய்தது அருள். அழுகையைப் பக்திக் குறைவென்று அவர் கடிந்தாரல்லர். ஆகவே அந்த அன்பருக்கு, "உமக்குப் பக்தி குறையவில்லை, பாயில் சுருட்டி வைத்ததைத் திறந்து காட்ட ஓரிடம் வேண்டும்" என்றோம்.

திங்களூரில் பிள்ளை எழுந்தானே, இங்கே எழவில்லையே எனின், அதற்கு விடை கூற நாம் துணியோம். ஆயினும் அதே பெரியபுராணத்தில் திலகவதியார் இருக்கின்றார். தந்தையும் தாயும் மறைந்தனர். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். ஒருவரும் எழுந்து வரவில்லை. உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியின் அழுகைக்காக உயிர் தாங்கினார். பின்னர்த் திருவதிகையில் விடியுமுன் எழுந்து அலகிட்டார், மெழுகினார், பூக்கொய்து மாலை கட்டினார். துயரம் அவரை விட்டகன்றது என்று சேக்கிழார் கூறவில்லை. கைகள் தொண்டில் இருந்தன என்றே காட்டுகின்றார்.

உறக்கம் கெட்டு உள்ளம் நடுங்குவோர் மருத்துவரையும் நாடுக. 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வைத்தியநாதன் என்று இறைவனுக்கே பெயரிருக்க, மருந்துண்பது பக்திக்குக் குறைவாகுமோ?

இப்பணியாளர் வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு சொல். பணியிலிருந்து திரும்பியவரிடம் என்ன கண்டாய் என்று அன்றே துருவாதீர்கள். சோறிட்டு அருகில் இருங்கள். அவரே பேசும்போது வேலையை நிறுத்திக் கேளுங்கள். பிள்ளை எழுந்த பின்னும், அடியவர் பசியாற முடியாமற்போனதற்கே அப்பூதியாரும் மனைவியாரும் வருந்தி நின்றனர். அதை உணர்ந்த அப்பர் சுவாமிகள் அவ்வில்லம் திரும்பி, அவர்களோடு அமர்ந்து அமுது செய்தருளினார்.