பார்த்தது மெய், பார்த்தது எது?
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழா நாளில் ஆசிரியர் பேச எழுந்தால் ஒழுக்கம், நேரந்தவறாமை என்று ஆரம்பித்து விடுவார் என்று பிள்ளைகள் பயப்படுவது எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம். இன்று நான் பேசப் போவது மாவாஸைப் பற்றி.

சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், நம்ம ஜொகூர் காட்டுல மாவாஸ் இருக்குதாமே? அண்ணன் போன்ல காட்டினாரு. நெசமா சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பரிசளிப்பு விழாவில் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன், உட்கார்" என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றவே இங்கு நிற்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டின் இறுதியில் நம் ஜொகூர் மாநிலத்தில், காட்டோரத்தில் மனிதனைப் போல நிமிர்ந்து நடக்கும் மூன்று பெரிய உருவங்களைக் கண்டதாகத் தொழிலாளர்கள் மூவர் கூறினார்கள். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள காலடித் தடம் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. எண்டாவ் ரொம்பின் காடு உலகச் செய்தியானது. அந்தப் பகுதியில் வாழும் ஓராங் அஸ்லி மக்களிடையே இப்படிப்பட்ட உருவத்தைப் பற்றிய கதை தலைமுறை தலைமுறையாக உண்டு. 2006-இல் மாநில அரசே தேடுதலுக்கு முன்வந்தது. பிறகு, தெளிவான படங்கள் இருக்கின்றன என்று சிலர் அறிவித்தார்கள். படங்களைப் பார்த்தால், ஆதிமனிதர்களைப் பற்றிய ஒரு பிரெஞ்சு ஆவணப் படத்துக்காக வேடம் போட்ட நடிகர்களின் படங்கள்! இன்றுவரை ஓர் எலும்போ, ஒரு பல்லோ, ஒரு பிடி முடியோ மாவாஸுடையது என்று நிரூபணம் ஆகவில்லை.

இத்தோடு "மாவாஸ் இல்லை, போய் உட்கார்" என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படி முடிக்க எனக்கு மனம் வராததற்கு ஒரு காரணம் உண்டு.

நான் இதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். 2006-இல் எனக்கு வயது பதினைந்து. அப்போது என் அப்பா காட்டோரத்து நிரையில் பால் மரம் வெட்டிக் கொண்டிருந்தார். ஒருநாள் விடிவதற்கு முன், தலை விளக்கு வெளிச்சத்தில் மேட்டுப் பக்கம் ஏதோ நிற்பதைப் பார்த்திருக்கிறார். கறுப்பாக, இரண்டு காலில், ஆள் நிற்பது போல நின்றதாம். இவரைப் பார்த்ததாம். பிறகு திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டதாம். அப்பா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். அன்று மீதி மரங்களை வெட்டவில்லை. அரைப்பேர்தான் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் லயமே சிரித்தது. "தண்ணி போட்டிருப்பாரு" என்றார்கள். "மாவாஸ் மாமா" என்று சின்னப் பிள்ளைகள் கூப்பிட்டன. நானும் சிரித்தேன். படிக்கிற பையன் என்ற திமிரில், நாலு பேர் முன்னால், "இதெல்லாம் படிக்காதவங்க பேச்சுப்பா" என்றேன். அப்பா பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் விரிவுரையாளர் நம் நாட்டுக் காட்டு விலங்குகளின் படங்களைக் காட்டினார். அதில் ஒன்று தேன் கரடி. நிமிர்ந்து நின்றபடி படத்தில் இருந்தது. உலகத்திலுள்ள கரடிகளிலேயே சிறியது இதுதான். உடம்பு ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்குள்தான். தூரத்தைப் பார்க்க, வாசனை பிடிக்க இரண்டு காலில் எழுந்து நிற்கும். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் மஞ்சள் கலந்த பிறை போன்ற அடையாளம். நடக்கும்போது முன்னங்கால் பதிந்த இடத்தின் மேலேயே பின்னங்காலும் பதிந்தால், இரண்டு தடமும் சேர்ந்து ஒரே பெரிய காலடி போலத் தெரியும்.

விடுமுறைக்கு வந்தபோது அந்தப் படத்தைக் கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இந்த மஞ்ச வளையம் இருந்துச்சுடா. நீங்க யாரும் கேக்கவே இல்லையே."

கேட்கவே இல்லை! அன்று சிரித்த நாங்கள் ஒருவர்கூட, "எவ்வளவு தூரத்துல நின்னுச்சு? நெஞ்சுல என்ன இருந்துச்சு? எப்படி நடந்துச்சு?" என்று கேட்கவில்லை. நம்பியவர்கள் "ஐயோ பேய்" என்றார்கள். நம்பாதவர்கள் "பொய்" என்றார்கள். இரண்டு கூட்டமும் கேள்வி கேட்காத கூட்டம்தான். படித்தவன் என்று நினைத்துக்கொண்ட நான்தான் அதில் மோசம்.

"உங்க அப்பா ஆள் உயரம் என்றாரே, கரடி அவ்வளவு உயரம் இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இருட்டில், பக்கத்தில் அளந்து பார்க்க வேறு பொருள் இல்லாதபோது, நம் கண்ணுக்கு உயரமும் தூரமும் பிடிபடாது. மேட்டில் நிற்பது இன்னும் பெரிதாகத் தெரியும். பயம் மீதியை வளர்த்துவிடும். அது யாருக்கும் நடக்கும். அதற்குக் குடித்திருக்க வேண்டியதில்லை.

இதைப் படிக்காத தோட்டத்து ஜனங்களின் குறை என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்து நாட்டில் நெஸ் என்று ஓர் ஏரி. அதில் நீண்ட கழுத்துடைய மிருகம் இருப்பதாக 1933 முதல் பெரும் பேச்சு. 1934-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் வந்தது. எடுத்தவர் மருத்துவர் என்றதும் உலகமே நம்பியது. அறுபது ஆண்டுகள் சென்று, 1994-இல்தான் உண்மை வெளியே தெரிந்தது. விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலின் மேல் பொம்மைத் தலை ஒன்றைப் பொருத்தி எடுத்த படம் அது! 2018-இல் நியூசிலாந்து விஞ்ஞானி ஒருவரின் குழு அந்த ஏரி நீரைப் பல இடங்களில் மொண்டு, அதில் கலந்திருக்கும் உயிரினங்களின் மரபணுவை ஆராய்ந்தது. முடிவு 2019-இல் வந்தது. பழங்காலப் பெரும் பல்லியின் சுவடே இல்லை. விலாங்கு மீனின் சுவடுதான் ஏராளம்.

அப்படியானால் காட்டு ஜனங்கள் சொல்வதெல்லாம் கட்டுக்கதையா? அதுவும் தவறு. 1992-இல் வியட்நாம் நாட்டு மலைக்காட்டில் ஆராய்ச்சிக்குப் போனவர்கள், வேடர்களின் வீடுகளில் நீண்ட நேரான கொம்புகளைப் பார்த்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கொம்பு! வேடர்களுக்கோ அது பழகிய மிருகம். சாவோலா என்று அதற்குப் பெயர். பசு, மான் போன்ற ஒரு பெரிய விலங்கு, அதுவரை உலக விஞ்ஞானத்துக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. படிக்காதவர் வார்த்தையை அந்தக் கொம்பு காப்பாற்றியது.

நம் பத்துமலைக்கே வாருங்கள். தைப்பூசத்துக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். நம் தீபகற்பத்தில் இன்று காட்டில் ஓராங் ஊத்தான் கிடையாது. சபா, சரவாக்கில்தான் உண்டு. ஆனால் பத்துமலைக் குகைப் பகுதியிலும் இன்னொரு குகையிலுமாக ஒன்பது பழைய பற்கள் கிடைத்தன. அவை ஓராங் ஊத்தானின் பற்கள் என்று 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஏறக்குறைய 60,000 ஆண்டுகளுக்கு முன்வரை அந்தக் குரங்கு பத்துமலைப் பக்கம் வாழ்ந்திருக்கிறது. மாவாஸுக்கு ஒரே ஒரு பல் கிடைக்கட்டும், நானே முதலில் கை தட்டுவேன். கிடைக்கும் வரை, "தெரியவில்லை, சான்று இல்லை" என்பதுதான் நேர்மையான பதில். ஐந்தாம் ஆண்டு மாணவனே, உனக்கு நான் தரும் பதிலும் அதுதான்.

மாணவச் செல்வங்களே, அதிசயமான செய்தி எது வந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். பார்த்தவர் யார்? எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் பார்த்தார்? அது வேறு எதுவாக இருக்கலாம்? கையில் பிடித்துக் காட்ட என்ன இருக்கிறது? இந்த நான்கையும் மரியாதையோடு கேட்க வேண்டும். பொய்க்காரனை விசாரிப்பது போலக் கேட்கக் கூடாது.

பெற்றோர்களே, இந்தக் கேள்விகள் காட்டு மிருகத்துக்கு மட்டும் அல்ல. "ஆயிரம் வெள்ளி போடு, அடுத்த மாதம் இரண்டாயிரம் தருகிறேன்" என்று போனில் ஒருவன் சொல்கிறான். "இந்த எண்ணெயைத் தடவினால் இனிப்புநீர் போய்விடும்" என்று இன்னொருவன் சொல்கிறான். அவர்களிடமும் இதையே கேளுங்கள். மாவாஸை நம்பி யாரும் சேமிப்பை இழந்ததில்லை. இவர்களை நம்பி இழந்த குடும்பங்களை நமக்கே தெரியும். ஆகவே பிள்ளை கேள்வி கேட்டால், "வாயாடாதே" என்று அடக்காதீர்கள். அந்த வாய் ஒருநாள் உங்கள் சம்பளப் பணத்தைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒன்று. என் அப்பா இப்போது வேலையை விட்டு ஓய்வில் இருக்கிறார். இதோ, மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அன்று சிரித்தவர்களிலும் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முன்னால் நின்று சிரித்தவன் நான்தான். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். அப்பா, நீங்கள் பார்த்தது மெய். அது என்ன என்று கேட்கத்தான் எனக்கு அன்று அறிவில்லை. மன்னித்து விடுங்கள்.