அப்பாவின் சலவைக் கடை

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் காலை வேளையில் மூன்று ரயில் தடங்களின் கூட்டமும் கலந்து நடந்துகொண்டிருக்கும். 1987இல் திறந்த நிலையம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் ஓர் ஓடை ஓடியது. பிற்பாடு ஸ்டாம்ஃபோர்டு கால்வாயானது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துவைத்து, இப்போது ஒய்எம்சிஏ நிற்கும் இடத்தருகே வெட்டவெளியில் உலர்த்தினார்கள். அதனால் வந்த டோபி காட் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

என் அப்பாவும் அந்தத் தொழில்தான். அவர் காலத்தில் ஓடை இல்லை. தேக்கா பக்கம் சின்னக் கடை, கரி போட்ட இஸ்திரிப்பெட்டி. துணி வந்ததும் முதலில் பைகளைத் துழாவுவார். கிடைத்த சில்லறையைக் காகிதத்தில் மடித்து அந்தத் துணியோடே ஊக்குக் குத்தி வைப்பார், ஐந்து காசானாலும். "இது வழி தவறி வந்தது தம்பி, வீட்டுக்கு அனுப்பிடணும்" என்பார்.

துணி யாருடையது எனக் காட்ட ஊரில் சேங்கொட்டைச் சாற்றால் போடும் குறியை இங்கே அழியாத மையால் போட்டார். அது காலரின் உள்பக்கம் இருக்க வேண்டும். உடுத்துகிறவர் கழுத்தில் உறுத்தக் கூடாது, அடுத்தவர் கண்ணில் படக் கூடாது. இதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு.

பெரிய வீட்டுக் கோட்டைவிடத் துறைமுகத் தொழிலாளியின் சட்டைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். "அவர்கிட்ட நல்ல சட்டை இது ஒண்ணுதான். கருகிட்டா நாளைக்கு எதைப் போடுவாரு?" என்றார். அப்பா ஒரு சட்டையைக்கூடக் கருக்கி நான் பார்த்ததில்லை.