நிறம் மாறினால் கவனியுங்கள்

சாப்பிட்டுக்கொண்டே வானொலி கேட்பவர்கள் இன்று மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசப்போவது மலத்தின் நிறத்தைப் பற்றி. கூச்சத்தால் டாக்டரிடம்கூடப் பலர் சொல்லாமல் விடுகிற விஷயம் இது. ஆனால் நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் தினமும் காசில்லாமல் செய்துகொள்ளக்கூடிய சோதனையும் இதுதான்.

இந்த நோயில் முக்கியமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி மேலே பரவும். கிரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம்.

மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது பித்தநீர். அதிலுள்ள பிலிருபினைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பழுப்பு நிறப் பொருளாக மாற்றுகின்றன. அந்த வேலை முடிவதற்குள் பேதியாகிவிட்டால் மலம் பச்சையாகப் போகும். கீரை நிறையச் சாப்பிட்டாலும் அப்படித்தான். பச்சை நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சிவப்பு அப்படியல்ல. பளிச்சென்ற சிவப்பு ரத்தம் பெரும்பாலும் மலக்குடல் பக்கத்திலிருந்து வருவது. இன்னும் மேலேயிருந்து வந்தால் கருஞ்சிவப்பாகும். ரத்தம் தெரிந்தாலே ‘மூலம்தான்’ என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் கைமருந்தோடு ஓட்டுகிறவர்கள் உண்டு. மூலத்தில் பெரும்பாலும் மலத்தின் மேல் ஒட்டியோ, கடைசியில் சொட்டுச் சொட்டாகவோ ரத்தம் வரும். கொலைட்டிஸில் ரத்தமும் சீதமும் மலத்தோடு கலந்து போகும். போய்விட்டு வந்த உடனே மறுபடி முட்டும். நடு ராத்திரியிலும் எழுப்பிவிடும். கிருமித் தொற்றால் வரும் சீதபேதியும் இதேபோல இருக்கும் என்பதால், பரிசோதனை செய்யாமல் எது என்று சொல்ல முடியாது. முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கறுப்பு. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போவது சகஜம். குடல் அழற்சி உள்ளவர்களில் பலருக்கு அந்த மாத்திரை தேவைப்படும். ஆனால் ரோடு போடும் தார்போலப் பிசுபிசுப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு போனால், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகள் இப்படிப் புண்ணை உண்டாக்கலாம். அடங்கியிருக்கும் குடல் அழற்சியையும் கிளப்பிவிடலாம்.

வெளிறிய மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் மிதந்தால், சாப்பாட்டிலுள்ள கொழுப்பு உடம்பில் சேரவில்லை. சிறுகுடலைக் கிரோன்ஸ் தாக்கியவர்களுக்கும், குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தவர்களுக்கும் இது வரலாம். களிமண் நிறத்தில் வெளுத்து, சிறுநீர் அடர்ந்த நிறமாகி, உடம்பு அரித்தால், பித்தநாளத்தில் அடைப்பு இருக்கலாம். கொலைட்டிஸ் உள்ளவர்களில் சிலருக்குப் பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயும் சேர்ந்து வருவதுண்டு; அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது அவசரம்? ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1955-இல் வகுத்த அளவுகோலைக் கொலைட்டிஸுக்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒரே நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90-ஐத் தாண்டுவதோ இருந்தால் அது கடுமையான நிலை. நிறைய ரத்தம் போனாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும், எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். நிறம் பழையபடி பழுப்பானதும், ‘குணமாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் நின்ற பிறகும் உள்ளே அழற்சி இருக்கலாம். கிரோன்ஸில் பலருக்கு ரத்தமே கண்ணில் படாது. அதனால்தான் டாக்டர்கள் மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள், கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது, என்ன நிறம், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சீதம் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போனில் படம் எடுத்துக் காட்டினாலும் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.