நகராட்சி என்னும் சொல்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். நம் முதியோர் 'முனிசிபாலிட்டி' என்பர். சிலர் 'நகரசபை' என்பர். பின்னது திருவிதாங்கூர் நாளின் எச்சம். மலையாளத்தில் அது இன்றும் வழங்குகிறது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழகத்தோடு இணைந்தபின் 'நகராட்சி' நிலைபெற்றது. இடையில் வழங்கிய 'நகராண்மைக் கழகம்' என்பதிலுள்ள ஆண்மை வீரத்தைக் குறிப்பதன்று. ஆளுதல் என்பதே அதன் பொருள். (நாகர்கோவிலில் இருப்பது நாகர், நகர் அன்று. இவ்விரண்டையும் மயங்குவோர் உளர்!)

முனிசிபாலிட்டியின் வேர் இலத்தீன். 'முனுஸ்' என்றால் கடமை. 'கபேரே' என்றால் ஏற்றல். பழைய ரோமானியர் தமக்குட்பட்ட ஊர்கள் சிலவற்றின் மீது படைக்கு ஆள் தரும் கடமையைச் சுமத்தினர். ரோமில் வாக்களிக்கும் உரிமையை மட்டும் தரவில்லை. இதைப் படித்தபோது நம் தெருக்களே என் கண்முன் நின்றன. ஊர்க்கழிவை அள்ளும் கடமை நம்மவர்க்கு. அவையில் இருக்கை பிறர்க்கு. 'தோட்டி' என்ற பெயர் 'துப்புரவுப் பணியாளர்' ஆயிற்று, பின்னர் 'தூய்மைப் பணியாளர்' ஆயிற்று. பெயர் மாறியது நன்றே; துடைப்பம் மட்டும் கை மாறவில்லை.

அவைக்குள் நுழைவது அத்துணை எளிதாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அய்யன்காளி 1911-இல் சென்றார்; அதுவும் நியமனத்தால், தேர்தலால் அன்று. சென்னையில் ந. சிவராஜ் 1945-இல் மேயரானார். அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்த பின்னரே, நகராட்சி இடங்களில் மக்கள்தொகை விகிதப்படி நமக்கு ஒதுக்கீடு அரசியலமைப்பு உரிமையாயிற்று. 243 டி என்னும் அப்பிரிவை இளைஞர்கள் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். அவ்விடங்களில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் நம் பெண்களுக்கு உரியது. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு, நம் சமூகத்துப் பெண்ணொருவர் மேயராக வந்தது 2022-இல்தான், அவர் ஆர். பிரியா. முந்நூற்று முப்பத்து நான்கு ஆண்டுகள்!

ஆட்சி என்னும் சொல்லுக்கு உரிமையோடு அனுபவித்தல் என்ற பொருளும் தமிழில் உண்டு. நிலப் பத்திரம் வைத்திருப்போர் இதை அறிவர். நகராட்சிக்கும் அப்பொருளையே நான் கொள்கிறேன்.

நம் படிப்பகத்திற்கு இடம் கேட்டு மனு எழுத இளைஞர் சிலர் காத்திருக்கின்றனர். அதில் 'நகராட்சி' என்று எழுதிவிடாதீர்கள், தம்பிகளே. நாகர்கோவில் 2019 முதல் மாநகராட்சி. ஆணையர் பெயருக்கே முகவரியிடுங்கள். நம் வட்ட உறுப்பினருக்கும் ஒரு படி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.