பள்ளி முற்றத்து வாதுமை



திருப்பூர் வட்டாரத்துப் பள்ளி முற்றங்களில் நிழல் தந்து நிற்கும் வாதுமை மரத்தை நீங்கள் அறிவீர்கள். அடுக்கடுக்காய்க் கிளை பரப்பும். உதிருமுன் அதன் இலைகள் செந்நிறங் கொள்ளும். அதன் காயைக் கல்லால் தட்டிப் பருப்பைத் தின்னாத சிறுவர் அரியர். ஆயின், அது வாதுமையே அன்று என்றால் நம்புவீர்களா?

கடையில் விற்கும் வாதுமைப் பருப்பைத் தரும் மரம் மேற்காசியாவிற்குரியது. ரோசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. காதலன் வரவு தாழ்த்ததனால் உயிர்விட்ட பில்லிஸ் என்னும் அரசகுமாரி அம்மரமானாள் என்பது கிரேக்கர் கதை. நம் முற்றத்து மரத்திற்கோ, பருப்பின் சுவை ஒத்திருந்தமையால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் உண்மைச் சுற்றம் கடுக்காய், தான்றி, மருது ஆகியவை. நெல்லிக்காயோடு சேர்ந்து திரிபலையாவன முன்னிரண்டின் காய்களே. கடுக்காய் ஊறிய நீரில் தோய்த்த பருத்தித் துணி சாயத்தை உறுதியாகப் பற்றும் என்பது பழைய சாயக்காரர் கண்ட உண்மை. அதே துவர்ப்பு நம் மரத்தின் பட்டையிலும் இலையிலும் உண்டு.

மருத்துவத்தில் பெயர் மயக்கம் விளையாட்டன்று. நாட்டு வழக்கில் இம்மரத்தின் தளிர்ச்சாற்றைச் சிரங்கிற்குப் பூசுவர். 'வாதுமை நெய்' எனப்படுவதோ மற்றதன் பருப்பிலிருந்து எடுப்பது. அதிலும் கசப்பு வாதுமை நஞ்சுடையது. ஆகவே ஒரு மூலிகையின் பெயரோடு அதன் உருவும் தெரிந்திருத்தல் வேண்டும். தாவர ஓவியம் வளர்ந்ததற்கு இத்தேவையும் ஒரு காரணமாம்.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இம்மரத்தை அதன் உள்ளூர்ப் பெயருடனேயே படமாகத் தந்தது. அந்நூலுக்கு மூலிகையறிவு வழங்கியோருள் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர் முதன்மையானவர்.

நமக்கு இன்னும் அணுக்கமான செய்தி ஒன்றுண்டு. 1840களில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுச் சோதித்தவர் ராபர்ட் வைட். பகலெல்லாம் பருத்தி, மற்றப்பொழுதெல்லாம் தாவரம் என வாழ்ந்தவர் என்றே சொல்லலாம். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட நூலில் 2,000க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றை வரைந்தவர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர். ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். பிற்கால வகைப்பாட்டில் அப்பெயர் நிலைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமுண்டு.

நாளை நீங்களும் ஒரு சிறுகிளையை வரைந்து பாருங்கள். இலை காம்பருகே குறுகி, நுனிப்பக்கம் அகன்றிருக்கும். இலைகளெல்லாம் கிளை முனையிலேயே திரண்டிருக்கும். இம்மரத்தின் 'டெர்மினாலியா' என்னும் இலத்தீன் பெயர் குறிப்பது அந்த முனையைத்தான்.